வகுப்புக்குப் பழைய பேப்பர் போதும்

வகுப்பில் நாளிதழைப் பயன்படுத்துகிறோம் என்று சொல்லும் ஆசிரியர்களிடம் எப்படி என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். காலையில் ஒரு மாணவர் எழுந்து நின்று தலைப்புச் செய்திகளை வாசிப்பார். இல்லையென்றால், பொது அறிவுப் போட்டிக்குக் குறிப்பெடுத்து வரச் சொல்வோம். இரண்டும் நல்ல பழக்கம்தான். ஆனால் இரண்டிலும் நாளிதழுக்கு என்று தனியாக ஒரு வேலையும் இல்லை. யார் எந்தப் பதவிக்கு வந்தார், எந்த அணி ஜெயித்தது என்பதையெல்லாம் வானொலியில் கேட்டாலும் தெரியும், போனைத் திறந்தாலும் தெரியும். அதற்காக இவ்வளவு பெரிய தாளை விரித்து மடிக்க வேண்டியதில்லை.

நான் கணிதமும் அறிவியலும் எடுக்கிறேன். பல வருடங்களாக நாளிதழை வைத்துப் பாடம் நடத்திவருகிறேன். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: நாளிதழில் என்ன எழுதியிருக்கிறது என்பது பாதிப் பாடம், அதை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்பது மீதிப் பாடம். பாடநூலில் எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள், ஏன் இந்தப் படத்தைப் போட்டார்கள் என்பது பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது. முடிந்த பொருளாகத்தான் அது அவர்கள் கைக்கு வருகிறது. நாளிதழ் அப்படி இல்லை. இடமும் குறைவு, நேரமும் குறைவு. அதனால் ஒவ்வொரு பக்கத்திலும் யாரோ ஒருவர் அவசரமாக எதையோ தேர்ந்தெடுத்திருக்கிறார், எதையோ வெட்டியிருக்கிறார். அந்த முடிவுகள் பக்கத்திலேயே தெரிகின்றன. பதின்மூன்று வயதுப் பிள்ளையால் அதை அளவுகோல் வைத்து அளக்க முடியும், கத்தரிக்கோலால் பிரித்துப் பார்க்க முடியும், ‘இது ஏன் இங்கே இருக்கிறது’ என்று கேட்க முடியும்.

இந்த எண்ணம் புதிதும் அல்ல. 1795-இலேயே அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் வெளிவந்த ஈஸ்டர்ன் ஹெரால்டு என்ற பத்திரிகை, நாளிதழ்களைப் பள்ளிகளில் வாசிக்க வைப்பதன் நன்மையை எல்லாரும் மறந்துவிட்டார்கள் என்று எழுதியது. 1930-களில் நியூயார்க் டைம்ஸ் பள்ளிகளுக்குப் பிரதிகள் அனுப்பத் தொடங்கியது. பிரான்சில் 1983-இல் இதற்கென்றே அரசு சார்பில் கிளெமி என்ற அமைப்பு வந்தது. பள்ளிகளில் வருடத்துக்கு ஒரு வாரம் பத்திரிகை வாரமாகவே நடக்கிறது. பத்திரிகை நிறுவனங்களுக்கு இதில் நாளைய வாசகர்களைப் பிடிக்கும் கணக்கும் உண்டு என்பது உண்மை. அது அவர்கள் கணக்கு. நமக்கு வேண்டியது தாள்.

அந்தத் தாளும் இன்றைய தாளாக இருக்க வேண்டியதில்லை. பழைய பேப்பர்தான் பாடத்துக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து. இன்றைய பேப்பரைக் கொண்டுவந்தால் பேச்சு முழுக்கச் செய்தியைப் பற்றியே போகும். யார் சரி, யார் தப்பு என்று வகுப்பு இரண்டாகப் பிரியும். இரண்டு மாதப் பழைய பேப்பரில் சூடு ஆறியிருக்கும். இன்னொரு பெரிய வசதி, அப்புறம் என்ன ஆனது என்று பார்க்க முடியும். வாசலில் கட்டிப் போட்டிருக்கும் கட்டிலிருந்து தொடர்ச்சியாக ஒரு மாதத்து இதழ்களை எடுத்துக்கொள்வேன். முதல் நாள் இதழில் ஆளுக்கொரு செய்தியைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். பிறகு அடுத்தடுத்த நாட்களில் அந்தச் செய்தி எங்கே போனது என்று தேட வேண்டும். முதல் பக்கத்தில் நான்கு பத்திக்கு வந்தது, மூன்றாம் நாள் ஏழாம் பக்கத்தில் ஒரு பத்தியாகச் சுருங்கியிருக்கும். பிறகு காணாமலே போகும். ‘விசாரணைக்கு உத்தரவு’, ‘குழு அமைப்பு’, ‘விரைவில் நடவடிக்கை’ என்று முடிந்த செய்திகளில் பாதிக்கு மேல் தொடர்ச்சியே கிடைக்காது. பிள்ளைகளுக்கு இது நிஜமாகவே கோபத்தை வரவழைக்கும். “குழு என்ன சொல்லிச்சுன்னு போடவே இல்லையே சார்” என்று பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருப்பார்கள். அந்தக் கோபம் ஒரு நல்ல வாசகரின் கோபம்.

ஒரு பாடத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

செய்தி எழுதுவதில் தலைகீழ்ப் பிரமிடு என்று ஒரு முறை உண்டு. முக்கியமானது எல்லாம் முதல் பத்தியில், அடுத்து விவரங்கள், கடைசியில் இருந்தாலும் போனாலும் பரவாயில்லை என்ற தகவல். பக்கம் அமைக்கிறவருக்கு இடம் போதாவிட்டால் கீழிருந்து வெட்டலாம், செய்தி சிதையாது. இதை நான் விளக்கிச் சொல்வதில்லை. ஏழெட்டுப் பத்தி உள்ள ஒரு செய்தியைக் குழுவுக்கு ஒன்றாகக் கொடுத்து, “கடைசிப் பத்தியை வெட்டுங்கள், மேலே உள்ளது மட்டும் போதுமா பாருங்கள். போதும் என்றால் அடுத்ததையும் வெட்டுங்கள். வெட்டக்கூடாது என்று தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள்” என்பேன். அவ்வளவுதான் அறிவுரை.

ஒரு தடவை கொடுத்தது ஒரு தொழிற்சாலைத் தீ விபத்துச் செய்தி. எல்லாக் குழுவும் சரசரவென்று வெட்டிக்கொண்டே மேலே போனார்கள். தீயணைப்பு வண்டி எத்தனை மணிக்கு வந்தது என்பது போனது, தொழிற்சாலை எத்தனை வருடமாக நடக்கிறது என்பது போனது. இரண்டு பத்தியில் வந்து நின்றார்கள்: எங்கே, எப்போது, எவ்வளவு சேதம், தீயணைக்கும் கருவிகள் இயங்கவில்லை என்று தொழிலாளர்கள் புகார். நான் நினைத்தபடியே வந்துவிட்டது என்று அடுத்த வேலைக்குப் போகப் பார்த்தேன். பின் வரிசையில் ஒரு மாணவி மட்டும் வெட்டிப் போட்ட கடைசித் துண்டைக் கையில் எடுத்துவைத்துக்கொண்டு, “சார், இதை வெட்டக் கூடாது” என்றாள். அதில் இருந்தது ஒரே வரி. கருவிகள் எல்லாம் சரியாக இருந்தன என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. “இதை எடுத்துட்டா அவங்க தப்பு பண்ணதாவே ஆயிடுது. அவங்க சொல்றது பொய்யாக்கூட இருக்கலாம். ஆனா அவங்ககிட்ட கேட்டாங்கன்னு தெரியணும்ல?”

அன்றைக்கு வகுப்பு மணி அடித்தும் முடியவில்லை. குற்றச்சாட்டு மேலே இருக்கிறது, மறுப்பு கீழே இருக்கிறது; வெட்டும்போது எப்போதும் மறுப்புதான் முதலில் போகும் என்பதை அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். அடுத்த வாரம் முழுவதும் கைக்குக் கிடைத்த இதழ்களில் எல்லாம் மறுப்பு எந்தப் பத்தியில் வருகிறது என்று குறித்துக்கொண்டு வந்தார்கள். ஒரு பையன் இன்னொன்றும் கவனித்திருந்தான். பெரிய ஆட்களைப் பற்றிய செய்தியில் மறுப்பு மேலே ஏறிவிடுகிறது, சாதாரண ஆட்கள் என்றால் மறுப்பே இருப்பதில்லை. இதை எந்தப் பாடநூலிலிருந்து நான் சொல்லிக்கொடுத்திருக்க முடியும்?

மொழி வகுப்பிலும் இப்படிச் செய்யலாம். எங்கள் மொழி ஆசிரியை ஒருவர் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது இது. ஒரு பேட்டிச் செய்தியில் ‘கூறினார்’ என்று வரும் இடத்தை எல்லாம் வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்துவிடுவார். அங்கே பிள்ளைகள் வேறு வினைச்சொல் போட வேண்டும். ‘ஒப்புக்கொண்டார்’ என்று ஒருவர் போடுவார், ‘மழுப்பினார்’ என்று இன்னொருவர், ‘உறுதியளித்தார்’ என்று மூன்றாமவர். பேசியவர் சொன்னதில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, ஆனால் ஆளே மாறிப்போகிறார். அப்புறம் அதே நாள் வந்த இரண்டு நாளிதழ்களை எடுத்து, ஒரே பேச்சுக்கு எவர் எந்த வினைச்சொல் போட்டிருக்கிறார் என்று பார்ப்பார்கள். செயப்பாட்டு வினையும் இங்கேதான் நன்றாகப் புரியும். ‘மரங்கள் வெட்டப்பட்டன’ என்றால் வெட்டியவர் வாக்கியத்திலிருந்து தப்பித்துவிடுகிறார். இலக்கணத் தேர்வுக்காகச் செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றி எழுதிய பிள்ளைகள், அதை எதற்கு மாற்றுகிறார்கள் என்று முதல் தடவையாக யோசிக்கிறார்கள்.

ஒரே செய்தியை இரண்டு நாளிதழில் ஒப்பிடும்போது பெரிய பிள்ளைகளுக்கு டைட்டானிக்கை எடுத்துக்கொள்வேன். 1912 ஏப்ரல் 15 அதிகாலை 2.20-க்குக் கப்பல் மூழ்கியது. 1,500 பேருக்கு மேல் இறந்தார்கள். அன்று மாலையில் வந்த நியூயார்க்கின் ஈவ்னிங் சன், மோதலுக்குப் பிறகு டைட்டானிக்கில் இருந்த அனைவரும் காப்பாற்றப்பட்டார்கள் என்று தலைப்புப் போட்டது. நியூயார்க் டைம்ஸ் வேறு முடிவுக்கு வந்தது. அதன் நிர்வாக ஆசிரியர் கார் வான் ஆண்டாவிடம் இருந்ததும் அதே துண்டு துண்டான கம்பியில்லாத் தந்திச் செய்திகள்தான். கப்பல் நிறுவனமோ ஆபத்தில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் நள்ளிரவு தாண்டிக் கப்பலிலிருந்து கடைசியாக ஒரு தெளிவில்லாத அழைப்பு வந்து, அதன்பின் எதுவுமே வரவில்லை என்பதை அவர் கவனித்தார். இவ்வளவு பெரிய கப்பலின் தந்திக் கருவி அப்படியே அடங்கிப்போனால் அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்து, கப்பல் மூழ்கிவிட்டது என்ற முடிவோடு பக்கத்தை அமைத்தார்.

இதைச் சொன்னதும் வகுப்பு வான் ஆண்டாவின் பக்கம் சாய்ந்துவிடும். அங்கே விட்டுவிடக் கூடாது. “அவர் ஊகித்தார். ஊகம் சரியாகிவிட்டது. தப்பாகியிருந்தால்?” என்று கேட்பேன். உறுதிசெய்யாமல் போட்ட இரண்டு செய்திகளில் ஒன்றை மட்டும் ஏன் பாராட்டுகிறோம்? இதற்கு என்னிடம் தயாராக ஒரு விடை கிடையாது. ஆதாரம் இல்லாததும் சில நேரம் ஓர் ஆதாரம் என்று ஒரு பிரிவு வாதாடும். உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் காத்திருக்க வேண்டும் என்று இன்னொரு பிரிவு. நல்ல தலைப்பு எப்படி எழுதியிருக்கலாம் என்று கடைசியில் ஆளுக்கொன்று எழுதச் சொல்வேன். ‘மூழ்கியதாக அஞ்சப்படுகிறது’ என்ற மாதிரி, தெரிந்ததற்கு மேல் போகாமலும் குறையாமலும் எழுதப் பழகுவது எந்த வயதிலும் கஷ்டமான வேலை.

அறிவியல் ஆசிரியர்களுக்கு இதைவிட நல்ல ஒரு விருந்து இருக்கிறது. ராக்கெட் பற்றிய ராபர்ட் கோடார்டின் ஆராய்ச்சியைக் கிண்டல் செய்து 1920 ஜனவரி 13 அன்று நியூயார்க் டைம்ஸ் ஒரு தலையங்கப் பகுதி எழுதியது. காற்றே இல்லாத வெற்றிடத்தில் ராக்கெட் எதைத் தள்ளி முன்னே போகும், உயர்நிலைப் பள்ளியில் தினமும் ஊட்டுகிற அறிவுகூட இவருக்கு இல்லை என்கிற தோரணையில் இருந்தது அது. கோடார்டு 1926-இல் உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டைப் பறக்கவிட்டார், 1945-இல் இறந்துபோனார். 1969 ஜூலை 16 அன்று அப்போலோ 11 நிலவை நோக்கிக் கிளம்பியது. அடுத்த நாள் அந்தப் பத்திரிகை ஒரு திருத்தம் போட்டது. வெற்றிடத்திலும் ராக்கெட் இயங்கும் என்பது இப்போது உறுதியாகிவிட்டது, பிழைக்கு வருந்துகிறோம் என்று. நாற்பத்தொன்பது வருடம் கழித்து.

நியூட்டனின் மூன்றாம் விதி நடத்தும்போது இந்தத் தலையங்கத்தின் வாதத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, இதில் என்ன தப்பு என்று மட்டும் கேளுங்கள். பாதி வகுப்பு தப்பே இல்லை என்றுதான் சொல்லும். பின்னால் இருக்கும் காற்றைத் தள்ளித்தான் ராக்கெட் போகிறது என்று பெரியவர்களும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ராக்கெட் தள்ளுவது தன் உள்ளிருந்து வெளியேறும் வாயுவை. அந்த வாயு திருப்பித் தள்ளுகிறது. வெளியே காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இதை அவர்களே வாதாடி வந்துசேர ஒரு பீரியட் ஆகும். விதியை மனப்பாடம் செய்ய ஐந்து நிமிடம் போதும். எனக்கு அந்த முழு பீரியட்தான் வேண்டும். ஒரு பெரிய பத்திரிகை எழுதியதில் இருக்கும் பிழையைத் தானே கண்டுபிடித்த பிள்ளை, அச்சில் வந்ததால் மட்டும் இனி எதையும் நம்பாது. அதே சமயம், இத்தனை வருடம் கழித்தும் ஒரு பத்திரிகை தன் பிழையைத் தேடி எடுத்துத் திருத்தியது என்பதையும் அது பார்க்கிறது. இரண்டும் சேர்ந்துதான் பாடம். பத்திரிகை என்றாலே பொய் என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிட்டால் நாம் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று அர்த்தம். அதனால் அன்றாட நாளிதழ்களில் ஓரத்தில் வரும் ‘திருத்தம்’ பெட்டிகளைச் சேகரிக்கச் சொல்வேன். பிழை வந்த எழுத்தின் அளவையும் திருத்தம் வந்த எழுத்தின் அளவையும் ஒப்பிடவும் சொல்வேன்.

கணிதத்துக்கு வருகிறேன். என் சொந்தப் பாடம் என்பதால் இங்கே நிறையச் சொல்லத் தோன்றுகிறது, இரண்டை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, கூட்டம். ‘லட்சக்கணக்கானோர் திரண்டனர்’ என்ற வரியும் கூடவே ஒரு படமும் எந்த மொழிப் பத்திரிகையிலும் கிடைக்கும். 1960-களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ், தன் அறை ஜன்னலிலிருந்து கீழே மாணவர்கள் கூடும் சதுக்கத்தைப் பார்ப்பார். தளம் கட்டம் கட்டமாக இருந்தது. ஒரு கட்டத்தில் எத்தனை பேர், மொத்தம் எத்தனை கட்டம் நிரம்பியிருக்கிறது என்று கணக்கிட்டார். தளர்வான கூட்டத்தில் ஆளுக்குப் பத்துச் சதுர அடி, நெருக்கமான கூட்டத்தில் நாலரைச் சதுர அடி என்று அவர் சொன்ன அளவு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

வகுப்பில் இதற்குச் சாக்பீஸ் போதும். தரையில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் வரைந்து உள்ளே நிற்கச் சொல்வேன். நான்கு பேர் நின்றால் வசதியாக இருக்கும். ஆறு பேர் என்றால் தோள் உரசும். எட்டாவது ஆள் ஏறும்போது யாராவது ஒருவர் கோட்டுக்கு வெளியே விழுவார், சிரிப்புச் சத்தம் பக்கத்து வகுப்பு வரை கேட்கும். சரி, இப்போது ஒரு கால்பந்து மைதானம். 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம், பரப்பு 7,140 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு நான்கு பேர் என்றால் 28,560 பேர். மூச்சுமுட்ட எட்டு பேர் வீதம் அடைத்தாலும் 57,120-தான். அப்படியானால் அந்த அளவுள்ள திடலில் ஒரு லட்சம் பேர் எங்கே நின்றார்கள்? இதற்குப் பிறகு எந்தக் கூட்டத்தின் படத்தைப் பார்த்தாலும் பிள்ளைகளின் கண் மேடைக்குப் போவதில்லை. காலியாகக் கிடக்கும் ஓரங்களுக்குத்தான் போகிறது.

இரண்டாவது, விழுக்காடு. வட்டி விகிதம் 4-இலிருந்து 5 விழுக்காடு ஆனால், ‘1 விழுக்காட்டுப் புள்ளி உயர்வு’ என்றும் எழுதலாம், ‘25 விழுக்காடு உயர்வு’ என்றும் எழுதலாம். இரண்டும் சரிதான், ஆனால் தலைப்பில் எதைப் போடுவது என்பதில்தான் வித்தை இருக்கிறது. உயர்வகுப்புப் பிள்ளைகளிடம் 1995-இல் பிரிட்டனில் நடந்ததைச் சொல்வேன். சில புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்து இருமடங்காகிறது என்ற எச்சரிக்கை வந்து செய்திகள் எல்லாம் அதைப் பெரிதாகப் போட்டன. 7,000 பெண்களில் 1 ஆக இருந்தது 2 ஆகிறது என்பதே அந்த இருமடங்கு. பயந்துபோன பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த வருடம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கூடுதலாகச் சுமார் 13,000 கருக்கலைப்புகள் நடந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். ‘இருமடங்கு’ என்று எங்கே பார்த்தாலும், எதிலிருந்து இருமடங்கு என்று கேட்கப் பழகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கனமான உதாரணம் எனக்குத் தெரியாது.

விளம்பரத்தை அளப்பது சின்னப் பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை. ஒரு முழு இதழை எடுத்து, பக்கம் பக்கமாக விளம்பரத்தின் பரப்பைச் சதுர சென்டிமீட்டரில் கூட்டி மொத்தப் பரப்பால் வகுக்க வேண்டும். பின்னமும் வரும், நாளிதழுக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்ற பேச்சும் வரும். அளக்கும்போதே ஒரு சிக்கல் வரும், அதற்காகத்தான் இந்தப் பயிற்சியே. “சார், இது செய்தியா விளம்பரமா?” செய்தி மாதிரியே தலைப்பு, பத்தி, படம் எல்லாம் இருக்கும், மூலையில் பொடி எழுத்தில் ‘விளம்பரம்’ என்று இருக்கும். 2016-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடுநிலைப் பள்ளி மாணவர்களிடம் ஒரு செய்தித் தளத்தின் முகப்புப் பக்கத்தைக் காட்டினார்கள். விளம்பரதாரர் பணம் கொடுத்துப் போட்டது என்ற குறிப்பு இருந்தும், 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டவர்கள் அதை உண்மையான செய்தி என்றே நினைத்தார்கள். திரையில் நழுவி ஓடிவிடும் அந்தக் குறிப்பைத் தாளில் வட்டம் போட்டுக் காட்டலாம். தாளில் பழகிய கண் திரையிலும் தேடும் என்பது என் அனுபவம்.

போன் இருக்கும்போது எதற்குத் தாள் என்று கேட்பவர்களுக்கும் இதுதான் என் பதில். ஒரே பக்கம் முப்பது பேர் முன்னாலும் ஒரே மாதிரி இருக்கும். ஒருவருக்கு ஒன்றும் இன்னொருவருக்கு வேறொன்றும் காட்டாது. அதற்கு ஓர் ஓரம் உண்டு, அதற்கு மேல் இடம் கிடையாது. ஆகவே எது உள்ளே வந்தது, எது வெளியே நின்றது என்று பேச முடிகிறது. போன் பாடமும் தேவைதான். ஒரு தளத்தைப் பார்த்ததும் அதையே மேலும் கீழும் படித்துக்கொண்டிருக்காமல், அதை வெளியிடுபவர் யார் என்று வேறு இடங்களில் தேடிப் பார்ப்பது தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டிய திறமை. அதைத் தாளுக்குப் பிறகு வைத்துக்கொள்கிறேன்.

கவனமாக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. வகுப்புக்குள் கொண்டுபோகும் ஒவ்வொரு பக்கத்தையும் ஆசிரியர் முந்தின நாளே முழுதாகப் படித்திருக்க வேண்டும், பின்பக்கத்தையும் சேர்த்து. நீங்கள் கொடுத்தது விளையாட்டுப் பக்கமாக இருக்கும். அதன் முதுகில் ஒரு தற்கொலைச் செய்தி விவரமாக இருக்கும். அப்படிப்பட்ட ஒன்றை வீட்டில் அனுபவித்த பிள்ளை உங்கள் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கலாம். கொடுமையான செய்திகளே கூடாது என்று நான் சொல்லவில்லை. அது தற்செயலாகக் கையில் போய் விழக் கூடாது, அவ்வளவுதான்.

வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளைப் பற்றியும் யோசிக்க வேண்டும். நாளிதழின் வாக்கியங்கள் நீளமானவை, முன்கதை தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டவை. அவர்களுக்குப் படமும் படத்தின் கீழே உள்ள வரியும்தான் வாசல். வரியை வெட்டி எடுத்துவிட்டுப் படத்தை மட்டும் கொடுத்து, கீழே என்ன எழுதியிருக்கும் என்று கேட்டால் எல்லாரும் வாயைத் திறப்பார்கள். ஆசிரியரின் சொந்த அரசியலைப் பற்றி ஒன்றே ஒன்று. உங்களுக்குப் பிடித்த பத்திரிகையின் பிழையை முதலில் எடுத்துக் காட்டுங்கள். பிள்ளைகள் அதைக் கவனிப்பார்கள்.

வாசிப்பதோடு நிற்காமல், பிள்ளைகளே ஒரு இதழ் செய்து பார்ப்பதுதான் இதன் அடுத்த கட்டம். பிரெஞ்சு ஆசிரியர் செலெஸ்டின் ஃப்ரெனே 1924-இல் தன் கிராமப் பள்ளி வகுப்புக்குள் ஒரு சின்ன அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் தாங்களே எழுதி, எழுத்துக் கோத்து, அச்சடித்து வேறு பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். போலந்தின் வார்சாவில் மருத்துவரும் ஆசிரியருமான யானுஸ் கோர்சாக் 1926 அக்டோபரில், ஒரு பெரிய நாளிதழின் வார இணைப்பாக ‘மாவி பிஷெக்லோந்த்’ என்ற இதழைத் தொடங்கினார். சின்னப் பார்வை என்று பொருள். நாடு முழுவதிலுமிருந்து பிள்ளைகள் அனுப்பிய கடிதங்களும் செய்திகளுமே அதன் உள்ளடக்கம். பள்ளியில் நடந்த அநியாயம், வீட்டில் நடந்த சண்டை எல்லாம் அதில் வந்தன. போர் வெடித்த 1939 செப்டம்பர் 1 வரை அது நின்றதில்லை. கோர்சாக் 1942-இல், தான் நடத்திய அநாதை விடுதிப் பிள்ளைகளோடு நாஜிகளின் ட்ரெப்ளிங்கா முகாமில் கொல்லப்பட்டார். பிள்ளைகள் சொல்வதும் அச்சில் வரத் தகுந்த செய்திதான் என்று அத்தனை மதிப்போடு நடத்திய ஒரு மனிதரைப் பற்றி, பள்ளி இதழ் நடத்தும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நம் பள்ளி ஆண்டு மலர்களில் பிள்ளைகளின் பெயர் இருக்கும், குரல் இருக்காது. சுவரில் ஒட்டும் ஒற்றைத் தாள் போதும். ஆனால் செய்தி அவர்களுடையதாக இருக்கட்டும், தலைப்பும் வெட்டும் அவர்களே செய்யட்டும், பிழை வந்தால் அடுத்த இதழில் திருத்தமும் அவர்களே போடட்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு வானிலைப் பெட்டியைச் சொல்வேன். அதில் அரசியல் இல்லை, வன்முறை இல்லை, எல்லா வயதுக்கும் பொருந்தும். அதற்கு ஒரு நல்ல சரித்திரமும் இருக்கிறது. டார்வின் பயணம் செய்த பீகிள் கப்பலின் தலைவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய்தான் 1861 ஆகஸ்ட் 1 அன்று லண்டனின் டைம்ஸில் முதல் வானிலை முன்னறிவிப்பை வெளியிட்டார். பலிக்காத நாட்களில் நிறைய ஏச்சும் வாங்கினார். 1875 ஏப்ரல் 1 அன்று அதே பத்திரிகையில் பிரான்சிஸ் கால்டன் வரைந்த முதல் வானிலை வரைபடம் வந்தது. அது முந்தின நாளின் வானிலையைக் காட்டியது.

ஒரு மாதத்து இதழ்களிலிருந்து வானிலைப் பெட்டியை மட்டும் வெட்டி, தேதி வரிசையில் ஒரு நீளத் தாளில் ஒட்டச் சொல்லுங்கள். திங்கள்கிழமை இதழ் செவ்வாய்க்குச் சொன்ன வெப்பநிலைக்குப் பக்கத்தில், புதன்கிழமை இதழில் வந்திருக்கும் செவ்வாயின் உண்மையான வெப்பநிலையை எழுத வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வரைபடமாகப் போட வேண்டும். மழை வாய்ப்பு 30 விழுக்காடு என்று சொன்ன நாட்களை எல்லாம் தனியாக எடுத்து, அவற்றில் எத்தனை நாள் மழை பெய்தது என்று எண்ண வேண்டும். பத்து நாளில் மூன்று நாள் பெய்திருந்தால் முன்னறிவிப்பு சரி என்றுதான் அர்த்தம் என்பதைப் பிள்ளைகள் முதலில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மீதி ஏழு நாள் தப்பாகிவிட்டதே என்பார்கள். அவசரப்பட்டு விளக்காதீர்கள், அடுத்த மாதக் கட்டையும் பிரித்துக் கொடுங்கள்.